பதினொரு மணிக் காப்பி

1956 ஆகஸ்ட் 3, வெள்ளி

காலையிலிருந்து சாரல். பத்திரம் எழுத ஈ காக்கை வரவில்லை. ஆகவே, தக்கலை ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் முப்பது வருடமாக ஆதாரம் எழுதி வருபவனும், இந்த ஊரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் மாமாவுமாகிய வைகுண்டராஜன், அதாவது நான், குடையை உயர்த்திப் பிடித்தபடி கிருஷ்ணமணியின் சாப்பாட்டுக் கடைமீது படையெடுத்தேன். பன்னிரண்டு தோசைகளை வீழ்த்தினேன். (நாலு. நாட்குறிப்பிலாவது புளுகாதீர்கள் என்று வீட்டுக்காரி சொர்ணம்மாள் சொல்லியிருக்கிறாள்.)

அந்தக் கடையில் பரிமாறுகிறவன், எங்கள் பேச்சில் விளம்புகிறவன், சுயம்பு. மண்டைக்காட்டுக்காரன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினேழு வருடமாக அங்கே நிற்கிறான். நிற்கிறான் என்றால் நிற்கிறான்; உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கையில் பதினாறு டம்ளர், மறு கையில் சாம்பார் வாளி. ரசவடை கேட்டவர், பயறு வேண்டாம் என்றவர், சாயாவுக்குச் சீனி குறைத்தவர் எல்லாரும் அவன் தலைக்குள் வரிசை தப்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நானோ ஒரு பத்திரத்துக்கு நாலு எல்லை எழுத மூன்று தடவை கேட்கிறவன்.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சில்க் சட்டைக்காரன் ஒருவன் டம்ளரைப் பெஞ்சில் தட்டினான். "ஏலே, வெள்ளம் கொண்டா. செவி கேக்காதா?"

சுயம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போனான். எனக்குத்தான் சுட்டது. கல்லாவில் இருந்த கிருஷ்ணமணியிடம், "கேட்டீராவேய், உமக்க கடை ராசாவ எப்பிடிப் பேசுகான்னு" என்றேன்.

"ராசாவா? வெளம்புகது ஒரு வேலையா மாமா? கையும் காலும் உள்ள ஆருக்கும் செய்யலாம்."

அப்போதுதான் என் நாக்கு என்னைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியது. "அப்பிடியா? நாகர்கோவில்ல பெரிய ஓட்டல் நடத்துக ஒருத்தர் வெள்ளக் கார்ல வந்து, சுயம்புவ எனக்குத் தரணும்னு கெஞ்சிட்டுப் போனாரு. எனக்க கண்ணால கண்டேன்."

கிருஷ்ணமணியின் முகம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி உப்பியது. ஒரே வாக்கியத்தில் ஓர் உழைப்பாளியின் மதிப்பை உயர்த்திய மாவீரன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டு வீடு வந்தேன். எனக்குப் பாராட்டு விழா எடுக்க ஊரில் ஆளில்லை என்பது ஊரின் குறை.

ஆகஸ்ட் 4, சனி

நேற்றைய என் கதைக் காருக்கு இன்று தொப்பி வைத்த டிரைவர் வந்து சேர்ந்தார். சாயங்காலம் கேட்டவர்களுக்கு இரண்டாவது காரும் உண்டு.

ஆகஸ்ட் 6, திங்கள்

சுயம்பு கடையில் இல்லை.

"போகப்போறவன் இன்னைக்கே போகட்டும்னு பறஞ்சு விட்டுட்டேன்" என்றார் கிருஷ்ணமணி. "ரெண்டு கார் தேடி வந்த ஆளு நமக்குத் தாங்குமா?"

சுயம்பு தோளில் கிடந்த துண்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு, மண்டைக்காட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

என்ன செய்துவிட்டேன் நான்? பதினேழு வருடம் ஒரே இடத்தில் நின்ற மனிதன். இல்லாத ஒரு கார் ஓடி வந்து அவன் பிழைப்பின் மேல் ஏறிவிட்டது. ஓட்டியது நான்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "காரும் இல்ல, டிரைவரும் இல்ல, ஓட்டல்காரரும் இல்ல. அவ்வளவும் நான் விட்ட புளுகு. சுயம்புவக் கூப்பிடும்."

கிருஷ்ணமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "மாமா, நீரு தங்கமான மனுசன். அவனுக்காவ எவ்வளவு பெரிய பொய் பறையீரு."

என் ஐம்பத்து நாலு வயதில் கலப்படமில்லாமல் சொன்ன முதல் உண்மை. ஒருவரும் வாங்கவில்லை.

சொர்ணத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "இஞ்சேருங்க, உங்க வாய்க்குப் பூட்டு செய்ய இந்தத் தக்கலையில கொல்லன் இல்ல. போய் அந்த வாளிய நீங்க தூக்குங்க. வேற ஆளு வந்து நின்னுட்டா, பொறவு சுயம்பு எங்க திரும்பி வர?" என்றாள்.

அதுவும் சரிதான். அந்த இடம் காலியாக இருக்கிறவரைதான் அவனுக்குத் திரும்ப வழி. அதைக் காலியாகப் பிடித்து வைக்க ஒருவன் வேண்டும்.

ஆகஸ்ட் 8, புதன்

"கையும் காலும் உள்ள ஆருக்கும் செய்யலாம்னு நீருதானே சொன்னீரு? எனக்கு ரெண்டும் ரெண்டு உண்டு" என்று கிருஷ்ணமணியிடம் வாதாடி, இன்று வாளி தூக்கினேன். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வரலாறு குறித்துக்கொண்டவை: ஒரு வாத்தியாரின் மடியில் ரசம். புட்டுக் கேட்டவருக்கு ஆப்பம், ஆப்பம் கேட்டவருக்கு மௌனம். டம்ளர் உடைந்தது ஏழாயிரம். (ஏழு.)

மாவாட்டுகிற பூங்கனி அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, வாளிய நீரு தூக்குகீரா, வாளி உம்மத் தூக்குகா?" என்றாள்.

ஆகஸ்ட் 11, சனி

அடுப்பிலிருந்து கடைசிப் பெஞ்சுக்கு இருபத்து மூன்று அடி. திரும்பி வர இருபத்து மூன்று. எண்ணிக்கொண்டே நடந்தேன், பத்து மணிக்கு எண்ணிக்கை தப்பியது, பாதம் தப்பவில்லை. இத்தனை அடியைத் தெருவில் வைத்திருந்தால் மதியத்துக்குள் குலசேகரம் போய், ரப்பர் தோட்டத்து நிழலில் படுத்து எழுந்து, திரும்பி வந்திருப்பேன். இது புளுகல்ல. பாதம் இரண்டும் பூசணிக்காய் ஆகிவிட்டன. இதுவும் புளுகல்ல. சொர்ணம் சாட்சி, எண்ணெய் தேய்த்தவள் அவள்.

பதினேழு வருடம் அவன் கால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கையைத்தான் பார்த்தேன். அதிலிருந்து வருவதைத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கோர்ட்டில் இன்று பல வழக்குகளுக்கு வாய்தா. கடை நிறைந்து வழிந்தது. ஒரே மூக்கு, ஒரே காது, ஒரே வழுக்கையோடு இரண்டு பேர், ஒருவர் தெருவாசல் வழியாகவும் மற்றவர் கிணற்றடி வாசல் வழியாகவும் உள்ளே வந்தார்கள். ஆகா, சகோதரர்கள். இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் நான் என்ன விளம்புகிறவன்? இருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்து, "ஒரு வயித்துல பொறந்தவிய எதுக்கு ரெண்டு எடத்துல இருக்கணும்" என்று ஒரே பெஞ்சில், தோளோடு தோள் இருத்தி, இலை போட்டேன். பெருமையோடு சாம்பாருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சாம்பார் தேவைப்படவில்லை. ஓர் இலை பறந்துகொண்டிருந்தது. தயிர்ச்சட்டி இன்னொருவர் தலையில் கிரீடமாக இருந்தது. தேங்காய்ச் சட்னி கூரை ஓட்டில் ஒட்டியிருக்கிறது, இன்னும் இருக்கிறது. இரு பக்கத்துச் சாட்சிகளும் வரிந்து கட்டினார்கள். குருக்ஷேத்திரத்தில்கூட இவ்வளவு அவியல் சிந்தியிருக்காது. கடைசியில் என் வாளி யாருடைய தலையிலோ கவிழ்ந்தது. என் தலையில்தான்.

அவர்கள் குலசேகரத்து அண்ணன் தம்பி. அண்ணன் யேசுரத்தினம், தம்பி ராஜையன். இரண்டு ரப்பர் தோட்டத்துக்கும் நடு எல்லையில் நிற்கும் ஓர் அயனிமரம் யாருடையது என்று ஆறு வருடமாக வழக்கு.

ஆட்கள் போன பிறகு கிருஷ்ணமணி தலையில் கைவைத்து, "ஆறு வருசமா இவிய ரெண்டு பேரும் இஞ்சதானே உண்ணுகா. ஒருநாளும் சண்ட வந்ததில்லியே" என்றார்.

பூங்கனி துடைப்பத்தோடு வந்தாள். "எப்பிடி வரும்? ஆறு வருசமா சுயம்பண்ணன் அண்ணனத் தெருப்பக்கம் இருத்துவாரு, தம்பியக் கெணத்துப் பக்கம் இருத்துவாரு. ஒருத்தர் எந்திச்சா மத்தவருக்கு ரெண்டு அப்பளம் கூட வைப்பாரு, அவரு எந்திக்காம இருக்க. இவிய மட்டுமா? வாய்தாவுக்கு வாற வாதி பிரதிவாதி அவ்வளவு பேரையும் அப்பிடித்தான் பிரிச்சு வச்சிருந்தாரு. உங்க ஆருக்கும் தெரியாது. நீங்க அப்பளத்தத்தானே பாத்திய."

கிருஷ்ணமணி குனிந்து, தரையில் நொறுங்கிக் கிடந்த அப்பளத்தைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன், வாயைத் திறக்காமல். நான் பேசாதிருந்ததை ஊர்க் கல்வெட்டில் பொறிக்கலாம்.

ஆகஸ்ட் 15, புதன்

சுதந்திர தினம். என் கால்களுக்கு மட்டும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 17, வெள்ளி

நேற்றும் இன்றும் விளம்பியது கிருஷ்ணமணியேதான். வேறு வழி? நான் பாதங்களில் எண்ணெய்த் துணி சுற்றி, கம்பை ஊன்றி, வெற்றி பெற்ற தளபதி போர்க்களத்தைப் பார்வையிடுவதுபோல் கடைக்குப் போனேன்.

முதலாளி ஓடினார். எட்டு மணிக்கு வேர்த்தார். ஒன்பது மணிக்கு ஒருவன், "ஏலே, இஞ்ச வெள்ளம்" என்று கத்தினான். அவர் அதிர்ந்து நின்று, பிறகு கொண்டுவந்து வைத்தார். பத்து மணிக்கு நொண்டினார். சரியாகப் பதினொரு மணிக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு, முன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அடுக்களைக்குள்ளிருந்து பூங்கனியின் குரல்: "மொதலாளி, அது வெளம்புகவிய இருக்கப்பிடாத பெஞ்சு. நீங்கதானே சட்டம் வச்சிய?"

அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "மாமா, மண்டைக்காட்டுக்கு எப்பம் பஸ்ஸு?"

ஆகஸ்ட் 19, ஞாயிறு

நானும் கிருஷ்ணமணியும் மண்டைக்காடு போனோம். கடற்காற்றில் என் குடை கொழும்பு வரை பறந்து போய்த் திரும்பி வந்தது. (பக்கத்துத் தென்னந்தோப்பு வரை.)

சுயம்பு அக்கா வீட்டு முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். பழக்கம். முதலில் நான் பேசினேன். கார் முதல் தொப்பி வரை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். அடிப்பான் என்று எதிர்பார்த்துக் கம்பைக் கிருஷ்ணமணியிடம் கொடுத்திருந்தேன்.

சுயம்பு சிரித்தான். "அது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. எனக்குக் கார் வருமா? ஆனா அத ஊருல பேசுகதக் கேட்டுட்டு நடந்தேன் பாத்துக்கிடுங்க, ஒரு நாளு... நல்லா இருந்து."

நான் குடையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கிருஷ்ணமணி, "வா மக்கா, கடைக்குப் போவோம். எனக்குத் தப்புப் பத்திட்டு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று வெற்றிலை தேவைப்பட்டது.

"வாறேன். ஒரு காரியம் உண்டு" என்றான் சுயம்பு. "பதினோரு மணிக்குக் காலக் கூட்டம் அடங்கும். அப்பம் கால் மணி நேரம் நானும் பூங்கனியும் முன்பெஞ்சுல இருந்து ஒரு காப்பி குடிப்போம். வேற ஆராவது கொண்டு வைக்கணும். நாங்க எடுத்துக் குடிக்கது இல்ல, கொண்டு வைக்கணும்."

"அது... வாறவிய என்ன நினைப்பாவ? வெளம்புகவன் முன்பெஞ்சுல இருந்தா—"

"நீங்க இருந்தியளாமே. பூங்கனி ஆள் விட்டுப் பறஞ்சா."

மூவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். பஸ் வந்தது. கிருஷ்ணமணி ஏறவில்லை. பஸ் போனது. மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ் வரும் சத்தம் கேட்டபோதுதான், "செரி" என்றார்.

"ஆரு கொண்டு வைப்பா?" என்று கேட்டான் சுயம்பு.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 20, திங்கள்

பதினொரு மணி. சுயம்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்தார். (இன்று முதல் 'அவர்'. இத்தனை வருடம் ஏன் இல்லை?) எதிரே பூங்கனி, கையில் மாவு காயாமல். இருவருக்கும் உட்காரத் தெரியவில்லை. பெஞ்சு நுனியில் பறவைபோல் இருந்தார்கள்.

நான் இரண்டு காப்பி கொண்டுபோனேன். இருபத்து மூன்று அடி. பாதி தரையில்.

"மாமா, தரைக்கும் தாகமா?" என்றாள் பூங்கனி.

செப்டம்பர் 5, புதன்

அந்தச் சில்க் சட்டைக்காரன் இன்று மறுபடி வந்தான். சரியாகப் பதினொன்று பத்துக்கு. டம்ளரைத் தட்டினான். "ஏலே, வெள்ளம்."

சுயம்பு எழப்போனார். பதினேழு வருடத்துக் கால், அது தானாக எழும். அப்போது பக்கத்துப் பெஞ்சில் ரசவடை தின்றுகொண்டிருந்த கோர்ட் சிரஸ்தார், வாயில் வடையோடு, சுவர்க்கடிகாரத்தைக் கையால் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு மீன் வியாபாரி, "பதினொண்ணே கால் ஆகட்டு பிள்ளே. அவிய காப்பி குடிக்கா" என்றார். கடையே கை கழுவாமல் உட்கார்ந்து அவனைப் பார்த்தது.

அவன் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போய்த் தானே ஒரு டம்ளர் தண்ணீர் கோரிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பதினொன்றே காலுக்குச் சுயம்பு முன்னால் வந்து நின்றதும், "அண்ணாச்சி, ரெண்டு தோசை" என்றான்.

பானிபட் யுத்தங்கள் மூன்று என்று சொல்கிறார்கள். நான்காவது தக்கலையில் நடந்தது. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. காப்பி சிந்தியது, கால் டம்ளர்.

அக்டோபர் 16, செவ்வாய்

போன வாரக் காற்றில் குலசேகரத்து அயனிமரம் விழுந்துவிட்டதாம். வக்கீல்களுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை, சுயம்புவுக்குத் தெரியும். எப்படி என்று கேட்டேன்.

"அண்ணன்காரர் சொன்னாரு. ரெண்டு மாசமாட்டு அவரு உண்ணும்போ பைய ஒண்ணு கேப்பாரு: அவன் இன்னைக்கு என்ன உண்டான்? நான் பறைவேன். இன்னைக்கு, அவனுக்கு உப்பு ஆகாது, ஊறுகா வைக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு."

"தம்பிக்காரர்?"

"அவரு ஒண்ணும் கேக்கல்ல. ஆனா இன்னைக்கு அண்ணன் வர நேரம் ஆச்சுல்லா? தெருவாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. சோறு ஆறிட்டு."

நான் எழுதிய பத்திரங்கள் லட்சம். (நாலாயிரம் இருக்கும்.) அதில் ஒன்றிலும் இப்படி ஓர் எல்லையை நான் குறித்ததில்லை.

அக்டோபர் 30, செவ்வாய்

இன்று வாய்தா நாள். யேசுரத்தினம் வந்தார். சுயம்பு அவரைத் தெருப்பக்கம் இருத்தவில்லை. நடுப்பெஞ்சில் இருத்தினார். ராஜையன் கிணற்றடி வழியாக வந்தார். சுயம்பு அவரையும் அதே பெஞ்சுக்கு அழைத்துவந்தார். பூங்கனி முன்னெச்சரிக்கையாகத் தயிர்ச்சட்டியை உள்ளே கொண்டுபோனாள். கிருஷ்ணமணி கல்லாவை இழுத்துப் பூட்டினார். நான் வாளியைத் தேடினேன், தலையில் கவிழ்த்துக்கொள்ள.

சுயம்பு இரண்டு இலை போட்டார். ஓர் இலையில் ஊறுகாய் வைத்தார். மற்றதில் வைக்கவில்லை.

ராஜையன் தன் இலையைப் பார்த்தார். "எனக்கு ஊறுகா?"

"அண்ணன் வைக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ" என்று சொல்லிவிட்டு, சுயம்பு சாம்பாருக்குப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஒரு யுகம் என்பேன். கிருஷ்ணமணி இரண்டு நிமிடம் என்கிறார். பிறகு தம்பி, அண்ணன் பக்கம் திரும்பாமலே, "மரத்த என்ன செய்ய?" என்று கேட்டார்.

"ரெண்டா அறுப்போம். உனக்க மோளுக்குக் கட்டில் வேண்டாமா?"

கோர்ட்டுக்குப் போகும்போது இருவரும் ஒரே குடையில் போனார்கள். இரண்டு வக்கீல்களும் வாசலில் நின்ற நிற்பை எழுத இந்த நோட்டில் பக்கம் போதாது.

நவம்பர் 1, வியாழன்

இன்று நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் என்று பெயர். விடியற்காலையிலேயே வெடி, கொடி, மேளம். ஊர்வலம் ஒன்பது மைல் நீளம். (சந்தையிலிருந்து பஸ் நிலையம் வரை. ஆனால் அகலமாக.)

ஊர்வலம் பசியோடு கிருஷ்ணமணி கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றாக ஐந்து நிமிடம். பெஞ்சு நிறைந்து, சுவரோரம் நிறைந்து, கிணற்றடி வரை ஆட்கள். வழக்கு முடிந்த யேசுரத்தினமும் ராஜையனும்கூட, இனி தக்கலையில் ஒரு வேலையும் இல்லாதவர்கள், பஸ் ஏறி வந்திருந்தார்கள். இன்று ஒரு நாள் விட்டுவிடலாம் என்று சுயம்புவே சொல்வார் என நினைத்தேன். கிருஷ்ணமணியும் நினைத்திருப்பார், அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

கடிகாரம் அடித்தது. சுயம்பு துண்டை உதறித் தோளில் போட்டார். முன்பெஞ்சில் கொடியோடு இருந்த நாலு பேர் சொல்லாமலே எழுந்து சுவரோரம் நின்றார்கள். சுயம்பு உட்கார்ந்தார், பெஞ்சின் நடுவில், சாய்ந்து. பூங்கனி காலை மடக்கிக்கொண்டு எதிரே இருந்தாள். வெளியே மேளம். உள்ளே ஒருவரும் டம்ளரைத் தட்டவில்லை.

நான் அடுப்படியிலிருந்து இரண்டு காப்பியோடு புறப்பட்டேன். கூட்டம் வழிவிட்டது. இருபத்து மூன்று அடி. இன்று எண்ணினேன், தப்பவில்லை. வைத்தேன்.

சுயம்பு தரையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொள்ளாம் மாமா, நல்லா வச்சிய" என்றார்.

பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். (எழுபது பேர் இருக்கும்.) ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இதற்கு அடைப்புக்குறி வேண்டாம்.